மறு: அட்டவணையின் ‘ஓனர்’ உரிமையாளரா, உடைமையாளரா?

வணக்கம்.

> ‘ஓனர்’ என்றால் உரிமையாளர் என்று எல்லோருக்கும் தெரியும். இதில் புதிதாகச் சொல் தேட என்ன இருக்கிறது?

வீட்டுக்கும் வண்டிக்கும் அந்தச் சொல் போதும், தரவுத்தளத்துக்குப் போதாது என்பதுதான் என் கட்சி. நான் எழுதிக்கொடுத்த ஒரு பயிற்சிக் குறிப்பில் ஓனருக்கு உரிமையாளர் என்றும் பிரிவிலேஜுக்கு (இன்னதைச் செய்யலாம் என்று ஒருவருக்குத் தருவது) உரிமை என்றும் போட்டிருந்தேன். அதைப் படித்த ஒருவர் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் ஓர் அட்டவணைக்குப் புதிய நெடுவரிசை சேர்க்கப் போயிருக்கிறார். ‘மஸ்ட் பி ஓனர் ஆஃப் டேபிள்’ (அட்டவணையின் ஓனராக இருக்க வேண்டும்) என்று பிழை வந்தது. உரிமை உள்ளவர்தானே உரிமையாளர், அப்படியானால் எல்லா உரிமையையும் வாங்கிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்து, கிராண்ட் ஆல் (எல்லாவற்றையும் வழங்கும் கட்டளை) போட்டுத் தரச் சொல்லி வாங்கினார். மறுபடியும் அதே பிழை. இரண்டு தடவை கிராண்ட் போட்டுப் பார்த்த பிறகுதான் என்னிடம் கேட்டார். அவர் யோசித்ததில் தவறே இல்லை, என் சொல்தான் அவரை அந்தப் பக்கம் தள்ளியது.

போஸ்ட்கிரெஸில் ஓர் அட்டவணைக்குக் கிராண்ட் ஆல் கொடுத்தால் செலக்ட், இன்சர்ட், அப்டேட், டெலீட், ட்ரங்கேட், ரெஃபரென்சஸ், ட்ரிக்கர் ஆகிய பிரிவிலேஜுகள் கிடைக்கும், 17ஆம் பதிப்பிலிருந்து மெயின்டெயினும் சேர்ந்துகொண்டது. ஆல்டரும் (அமைப்பை மாற்றுவது) டிராப்பும் (நீக்குவது) அந்தப் பட்டியலிலேயே கிடையாது, ஏனென்றால் அவை கொடுத்து வாங்குகிற சங்கதி இல்லை, ஓனராக இருப்பதோடு ஒட்டிக்கொண்டு வருபவை. இதைப் பழைய சொற்களில் எழுதிப் பாருங்கள்: ‘அட்டவணையின் அமைப்பை மாற்றும் உரிமை உரிமையாளருக்கே உரியது, அதைப் பிறருக்கு உரிமையாக வழங்க முடியாது.’ ஒரே வாக்கியத்தில் நான்கு ‘உரி’! படிப்பவருக்கு எது எதைச் சுட்டுகிறது என்று எப்படிப் புரியும்? இப்போது இது: ‘அட்டவணையின் அமைப்பை அதன் உடைமையாளர்தான் மாற்றலாம், அதற்கென்று தனி அனுமதி வழங்க முடியாது.’

ஆகவே ஓனர் உடைமையாளர், பிரிவிலேஜும் பெர்மிஷனும் அனுமதி. பிரிவிலேஜுக்குச் சிலர் சொல்லும் சிறப்புரிமை வேண்டாம். ஒரு அட்டவணையைப் படிக்க மட்டும் விடுவதில் என்ன சிறப்பு இருக்கிறது?

> உடைமை என்பது பொருளைத்தானே குறிக்கும்? ‘உடைமைகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளவும்’ என்கிறோமே.

பொருளையும் குறிக்கும், உறவையும் குறிக்கும். நாட்டுடைமை ஆக்குவது என்றால் பொருளை மாற்றுவதில்லை, அது யாருடையது என்பதைத்தான் மாற்றுகிறோம். இந்த இரட்டைப் பொருள் நமக்கு வசதிதான். ஒருவர் வேலையை விட்டுப் போன பிறகு அவருடைய ரோலை (தரவுத்தளத்தில் அவர் பேரில் உள்ள கணக்கை) டிராப் செய்யப் போனால், அதன் பேரில் அட்டவணைகள் இருக்கின்றன என்று போஸ்ட்கிரெஸ் மறுத்துவிடும். முதலில் ரீஅசைன் ஓன்ட் (அவர் பேரில் இருப்பதை வேறொரு ரோலுக்கு மாற்றும் கட்டளை) ஓட்ட வேண்டும், அதுவும் ஒவ்வொரு தரவுத்தளத்திலும் தனித்தனியாக (இதை மறந்துவிட்டுத் தவிப்பவர்கள் நிறையப் பேர்). அதற்கு ‘உடைமைகளை ஒப்படை’ என்பதைவிடப் பொருத்தமாக எனக்கு எதுவும் தோன்றவில்லை. ஆல்டர் டேபிளில் வரும் ஓனர் டு ‘உடைமை மாற்றம்’. வழங்குவது அனுமதியை, மாற்றுவது உடைமையை. வினையிலேயே வித்தியாசம் தெரிந்துவிடுகிறது.

‘உருவாக்கியவர்’ என்றும் ஒரு யோசனை வந்தது. அது ஒத்துவராது. உருவாக்கியவர்தான் தொடக்கத்தில் உடைமையாளர், ஆனால் உடைமை கைமாறிய பிறகு உருவாக்கியவர் யார் என்பது போஸ்ட்கிரெஸுக்கு ஒரு பொருட்டே இல்லை. லாகின் செய்யவே முடியாத ஒரு ரோலை உடைமையாளராக வைத்து, ஆட்களை அதில் உறுப்பினராகச் சேர்ப்பதுதான் நல்ல வழக்கம், அங்கே உருவாக்கியவர் என்ற சொல் எங்கே நிற்கும்? மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளில் அட்டவணைக்கு உடைமையாளர் என்பவரே கிடையாது, ஆல்டரும் டிராப்பும்கூட அங்கே கிராண்ட் செய்யக்கூடிய அனுமதிகள்தான். இந்த வேறுபாட்டைத் தமிழில் விளக்கவே நமக்கு இரண்டு வெவ்வேறு வேர்ச்சொற்கள் தேவைப்படுகின்றன.

அப்புறம் ரிவோக், அதாவது கொடுத்த அனுமதியை எடுத்துக்கொள்ளும் கட்டளை. ‘விலக்கு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘அனுமதி விலக்கு’ என்றால் அனுமதியே தேவையில்லை என்று நேர் எதிராகப் படிக்கவும் இடமிருக்கிறது, பாதுகாப்பு விஷயத்தில் அது ஆபத்து. ‘ரத்து’ ரோல்பேக்கை (செய்த மாற்றங்களைக் கைவிடும் கட்டளையை) நினைவூட்டும். ‘திரும்பப் பெறு’ கொஞ்சம் நீளம், ஆனால் பொருள் துல்லியம். வித் கிராண்ட் ஆப்ஷனோடு (பிறருக்கும் வழங்கலாம் என்ற சேர்க்கையோடு) நான் உங்களுக்குக் கொடுத்து, நீங்கள் இன்னொருவருக்குக் கொடுத்திருந்தால், உங்களிடமிருந்து நான் திரும்பப் பெறப் போகும்போது அந்த இன்னொருவர் குறுக்கே நிற்பார், கேஸ்கேட் போட்டால்தான் சங்கிலி முழுவதும் அறும். ஆகவே கேஸ்கேட் ‘தொடராக’ என்று வரட்டும்: ‘தொடராகத் திரும்பப் பெறு’.

ரோலுக்கு ‘பங்கு’, ‘பாத்திரம்’ இரண்டிலும் எனக்குத் திருப்தியில்லை. 2005இல் வந்த 8.1 பதிப்பிலிருந்து பயனரும் குழுவும் சேர்ந்ததுதான் போஸ்ட்கிரெஸின் ரோல், இரண்டையும் தாங்குகிற சொல் கிடைக்கும்வரை ‘ரோல்’ என்றே விட்டுவைத்திருக்கிறேன். மற்றவற்றைக் குறிப்பில் மாற்றிவிட்டேன். மறுப்பு இருப்பவர்கள் சொல்லை மட்டும் அனுப்பாமல், மேலே உள்ள ஆல்டர் வாக்கியத்தை உங்கள் சொல்லில் எழுதி அனுப்புங்கள்.