காப்லாண்டின் ஃபேன்ஃபேர்: கம்பீரம் ஏன் வரவில்லை?

கேள்வி: அமெரிக்க இசையமைப்பாளர் ஆரன் காப்லாண்டின் ‘ஃபேன்ஃபேர் ஃபார் தி காமன் மேன்’ (சாதாரண மனிதருக்கான எக்காள முழக்கம்) ஒத்திகையில் இருக்கிறோம். 4 ஹார்ன், 3 ட்ரம்பெட், 3 ட்ரோம்போன், டியூபா என்று பித்தளை ஊதுகருவிகள், டிம்பனி, பேஸ் டிரம் என்று முரசுகள், டாம்-டாம் (தொங்கவிட்டு அடிக்கும் பெரிய உலோகத் தட்டு) எல்லாம் உண்டு. சத்தம் இருக்கிறது, சிலிர்ப்பு இல்லை. எங்கே தவறு?

பதில் 1: முதலில் வேகத்தைப் பாருங்கள். நிமிடத்துக்குச் சுமார் 52 கால்சுரம் (தாளத் தட்டு)தான். மூச்சு தீரும்போது எல்லோரும் வேகத்தைக் கூட்டி ஓடிவிடுவார்கள். அதோடு கம்பீரமும் போய்விடும். தாளக்கருவிகள் முழங்கியபின் வரும் இடைவெளியையும் அவசரப்பட்டு நிரப்பாதீர்கள். அந்த அதிர்வு அடங்கும் நேரமும் இசைதான்.

பதில் 2: தொடக்கத்தில் மூன்று ட்ரம்பெட்டும் சேர்ந்து ஒரே வரியை ஊதும்: ச–ம, அங்கிருந்து ஒரு பஞ்சமம் தாண்டி மேல் ச. நடுவே காந்தாரம் இல்லாததால் மகிழ்ச்சி, சோகம் என்று எந்தச் சாயமும் படியாமல் வெட்டவெளிபோல் ஒலிக்கும். ஆனால் ஒளிய இடமில்லை, சுருதி இம்மி பிசகினாலும் கேட்கும். பலமாக ஊதும்போது ட்ரம்பெட் சுருதி ஏறக்கூடும். ஆகவே அதே வரியைச் சன்னமான ஒலியில் ஊதிச் சுருதி சேர்த்துவிட்டு, பிறகு பலத்தைக் கூட்டுங்கள்.

பதில் 3: முதல் வரியிலேயே முழு பலத்தையும் கொட்டிவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். ட்ரம்பெட், பிறகு ஹார்ன், அதன்பின் ட்ரோம்போனும் டியூபாவும் என்று ஆள் சேரச் சேரத்தான் நெஞ்சு நிமிரும். 1942இல், போர்க்காலத்தில், சின்சினாட்டி இசைக்குழுவுக்காகத் தளபதிகளை அல்ல, சாதாரண மனிதரைப் போற்றி எழுதியது. அணிவகுப்பு மிடுக்கு இதற்குப் பொருந்தாது.

இன்னொன்று: டாம்-டாமை அடிக்குமுன் ஓசையில்லாமல் லேசாகத் தட்டி அதிரவிடுங்கள். நட்டநடுவில் அடிக்காமல் சற்று விலகி அடியுங்கள்.