சந்திரா தரவில் 1 கேஇவிக்குக் கீழே ஃபோட்டான்கள் காணவில்லை, அவசர உதவி தேவை

வான்தேடி: வணக்கம். சந்திரா எக்ஸ் கதிர் விண்தொலைநோக்கியின் காப்பகத்திலிருந்து ஒரே பொருளின் இரண்டு பதிவுகளை இறக்கி நிறமாலை எடுத்தேன். பழையது அழகாக வருகிறது. புதியதில் 1 கேஇவிக்குக் (ஃபோட்டானின் ஆற்றல் அலகு) கீழே பெரிய சரிவு. மாதிரியைப் பொருத்தி ஃபிட் செய்தால், குறைந்த ஆற்றல் கதிரை விழுங்கும் இடையிலுள்ள ஹைட்ரஜன் அளவு (என்ஹெச்) எகிறுகிறது. நடுவில் வாயு மேகம் ஏதாவது வந்து மறைக்கிறதா? நாளை வழிகாட்டியிடம் காட்ட வேண்டும், சீக்கிரம் சொல்லுங்கள்.

கதிர்வலை: எந்தப் பொருள்? எந்தெந்த ஆண்டு? நிறமாலை என்பதால் சந்திராவின் சிசிடி கேமராவான ஏசிஸ் கருவி என்று வைத்துக்கொள்கிறேன். அதில் எஸ்3 சிப்பா, ஐ வரிசைச் சிப்களா? எஸ்3 பின்பக்கமாக ஒளி வாங்கும் சிப், குறைந்த ஆற்றலில் அதற்கு உணர்திறன் அதிகம். ஒன்று எஸ்3, மற்றொன்று ஐ என்றால் எண்ணிக்கையை நேரடியாக ஒப்பிடவே கூடாது.

இரட்டைமீன்: இது பைல்-அப், சந்தேகமே வேண்டாம். ஏசிஸ் வழக்கமாக 3.2 விநாடிக்கு ஒரு பிரேம் எடுக்கிறது. அதற்குள் ஒரே இடத்தில் இரண்டு ஃபோட்டான்கள் விழுந்தால் கருவி இரண்டின் ஆற்றலையும் கூட்டி ஒன்றாகப் பதிந்துவிடும். மெல்லிய (குறைந்த ஆற்றல்) கதிர் குறைந்து வன்கதிர் (அதிக ஆற்றல்) கூடும். பிரகாசமான கருந்துளை எதிலும் இதைப் பார்க்கலாம்.

மூத்தநோக்கர்: தம்பி, பொருளின் பெயரும் சொல்லாமல், மென்பொருள் பதிப்பும் சொல்லாமல் மேகம் வந்ததா என்று கேட்டால் யாரால் பதில் சொல்ல முடியும்? சந்திரா தரவுக்கான மென்பொருள் சியாவோவின் கையேட்டில் இதற்கென்றே பக்கம் இருக்கிறது. முதலில் அதைப் படித்துவிட்டு வாருங்கள்.

வான்தேடி: ஏபெல் 1795. 2000, 2016. இரண்டும் எஸ்3.

கதிர்வலை: கேலக்ஸித் திரளா! அதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். இரட்டைமீன், இங்கே ஒளி பரந்து கிடக்கிறது, பைல்-அப்புக்கு இடமில்லை. மேகமும் இல்லை. லட்சக்கணக்கான ஒளியாண்டு விரிந்த வாயு அது. அதன் முழுப் பரப்பையும் மறைக்கிற மேகம் 16 ஆண்டில் முளைக்காது. அப்படியானால் மாறியது கருவிதான்.

ஏசிஸ் சிப்களுக்கு முன்னால், கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்க அலுமினியம் பூசிய மெல்லிய பாலிமைடு வடிகட்டி ஒன்று இருக்கிறது. குளிர்ந்திருக்கும் அதன் மேல் விண்கலத்திலிருந்து கசியும் பொருள் படிந்துகொண்டே வருகிறது. பெரும்பாலும் கார்பன், கூடவே ஆக்சிஜன், ஃபுளோரின். மெல்லிய எக்ஸ் கதிரை இந்தப் படலம் விழுங்குகிறது. மாதிரியில் அதற்குச் சரியான கணக்கு இல்லாவிட்டால், ஃபிட் அந்த இழப்பையெல்லாம் என்ஹெச் தலையில் கட்டிவிடும். உங்களுக்கு நடந்திருப்பது இதுவே. ஒவ்வொரு ஆற்றலிலும் கருவி எவ்வளவு கதிரைப் பிடிக்கும் என்று சொல்லும் ஏஆர்எஃப் கோப்பைத் தனித்தனியாக உருவாக்கினீர்களா? எந்தக் கால்டிபி (கருவியின் அளவுத்திருத்தத் தரவுத்தளம்)? சிப்பின் எந்தப் பகுதி? படலம் ஓரங்களில் தடிமன் அதிகம்.

வான்தேடி: தனித்தனி ஏஆர்எஃப்தான். கால்டிபி 4.4, ஆய்வகக் கணினியில் ஏற்கெனவே இருந்தது.

மூத்தநோக்கர்: 4.4! 2016-இல் படலம் எவ்வளவு இருக்கும் என்று அந்தப் பழைய கோப்புக்கு எப்படித் தெரியும்? அதற்குப் பிறகு படியும் வேகமே மாறிவிட்டது. புதிய கால்டிபி போட்டு, தரவை மறுபடி பதப்படுத்தும் chandra_repro நிரலிலிருந்து திரும்ப ஓட்டுங்கள்.

இரட்டைமீன்: சரி, பைல்-அப் இல்லை. ஆனால் வடிகட்டியைச் சூடாக்கிப் படலத்தை விரட்டலாமே? ஏன் ஆண்டுக்கணக்காகச் சும்மா இருக்கிறார்கள்?

மூத்தநோக்கர்: ஆலோசித்தார்கள், வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். 1999-இல் ஏவிய புதிதில் கதிர்வீச்சுப் பட்டையைக் கடந்தபோது புரோட்டான்கள் கண்ணாடிகளில் பட்டுத் திரும்பி முன்பக்கமாக ஒளி வாங்கும் சிப்களைக் கெடுத்தன. அப்போது சூடாக்கிப் பார்த்ததில் சேதம் கூடத்தான் செய்தது. இருக்கிற ஒரே கருவியைப் பணயம் வைக்க முடியுமா?

இரட்டைமீன்: அப்படியானால் திரளுக்கு இன்னொரு எக்ஸ் கதிர் விண்கலமான எக்ஸ்எம்எம்-நியூட்டன் போதுமே. மூன்று தொலைநோக்கிகள், ஒவ்வொன்றிலும் 58 கண்ணாடிகள். சந்திராவில் மொத்தமே நான்கு ஜோடி.

கதிர்வலை: சராசரி வெப்பநிலை மட்டும் போதுமென்றால் சரி. ஏபெல் 1795-இன் மையத்தில் நீளமான குளிர்ந்த வாயு இழை ஒன்று இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்க்கச் சந்திராவின் அரை ஆர்க்விநாடிக் கூர்மை வேண்டும், எக்ஸ்எம்எம்மில் மையம் முழுக்கக் கலங்கிவிடும். பெரிய வாளி வைத்திருப்பதால் மட்டும் எல்லாம் தெரிந்துவிடாது.

இரட்டைமீன்: அப்போ 2023-இல் போன எக்ஸ் கதிர் விண்கலம் எக்ஸ்ரிஸம்?

மூத்தநோக்கர்: வாயுவின் வேகம் அளக்க அதற்கு ஈடில்லை. ஆனால் அதன் நிறமாலைக் கருவி ரிசால்வின் வால்வுக் கதவு திறக்காததால் 1.7 கேஇவிக்குக் கீழே அதில் அநேகமாக எதுவும் வராது. இந்தத் தம்பியின் பிரச்சினையே அதற்குக் கீழேதான்.

வான்தேடி: புதிய கால்டிபியில் ஓட்டினேன். என்ஹெச் 2000-இல் வந்த அளவுக்கே இறங்கிவிட்டது. 0.7 கேஇவிக்குக் கீழே கொஞ்சம் வித்தியாசம் இன்னும் இருக்கிறது, அதை விட்டுவிட்டு ஃபிட் செய்கிறேன். நன்றி.

கதிர்வலை: எவ்வளவு வித்தியாசம்? பின்னணியைக் கழிக்க எந்தக் கோப்பு எடுத்தீர்கள்?