தேவனஹள்ளியை அறிந்தவர்கள் உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். நகரத் திட்டமிடல் முதுநிலை இறுதியாண்டு மாணவி நான். 2008இல் பெங்களூரு விமான நிலையம் திறந்தபின் தேவனஹள்ளி வட்டாரத்தில் யார் பிழைப்பு எப்படி மாறியது என்று ஆய்வு செய்கிறேன். பெருந்திட்ட வரைபடங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. பேசுவதற்கு ஆட்கள்தான் இல்லை.

போன வாரம் சாலையோரம் ஒரு பாட்டி பம்பளிமாஸ் விற்றுக்கொண்டிருந்தார். புவிசார் குறியீடு பெற்ற ஊர்ப் பழம் அது. தோப்பை எப்போதோ விற்றுவிட்டார்களாம். பழம் பக்கத்து வீட்டு மரத்துடையது. மகன் விமான நிலையத்தில் தள்ளுவண்டி அடுக்குகிறானாம். என் ஆய்வேட்டில் இதை எந்த அட்டவணையில் சேர்ப்பது?

தேவனஹள்ளி வட்டத்தில் சென்னராயப்பட்டணா பக்கம் 1,777 ஏக்கர் கையகப்படுத்தும் திட்டத்தை, விவசாயிகளின் நெடுநாள் போராட்டத்துக்குப் பிறகு 2025 ஜூலையில் அரசு கைவிட்டது. அங்கே யாரையாவது தெரியுமா? விமான நிலையத்தில் இரவுப் பணி பார்ப்பவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள், எப்படி வந்துபோகிறார்கள் என்பதும் தெரிய வேண்டும். ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிப்போல் விமான நிலையத்தில் முனையத்துக்கு அடியிலேயே ரயில் நிலையம். இங்கே மெட்ரோ வேலை இன்னும் நடக்கிறது.

கன்னடம் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்தால் இன்னும் நல்லது. பஞ்சாயத்துத் தீர்மானங்கள் பன்னிரண்டு பக்கம் கையில் இருக்கின்றன, எனக்கு ஓர் எழுத்துகூடப் புரியவில்லை.