அழைப்பு வரும்வரை கோயில் கூட்டிக்கொண்டிருக்கலாமா?

பனங்காட்டுத் தம்பி:
எங்கள் அண்ணன் மகனுக்கு 26 வயது. பத்தாம் வகுப்பிலிருந்தே குருவானவர் ஆக வேண்டும் என்று ஆசை. இறையியல் கல்லூரிக்கு ஆள் எடுத்தபோது இரண்டு தடவையும் அவன் பெயர் வரவில்லை. ஒன்றரை வருடமாக ஊர்க் கோயில்குட்டிக்கு (சர்ச்சைக் கூட்டி மணி அடிக்கிற பணியாளர்) ஒத்தாசையாக நிற்கிறான். கோயில்குட்டித் தாத்தாவுக்கு முழங்கால் வலி, அதனால் முதல் மணி அடிப்பது, கூட்டுவது, பாய் விரிப்பது, அசனம் (சபையார் கூடிச் சாப்பிடும் விருந்து) முடிந்து அண்டா கழுவுவது எல்லாம் இவன்தான். சம்பளம் கிடையாது. படித்த பிள்ளை துடைப்பத்தோடு நிற்கிறானே என்று மதினி அழுகிறார்கள். அவன் செய்வது சரி என்றுதான் எனக்குப் படுகிறது. சாமுவேல் தீர்க்கதரிசி எண்ணெய் வார்த்து ராஜாவாக அபிஷேகம் பண்ணின பிறகும் தாவீது திரும்ப ஆடு மேய்க்கத்தானே போனான்? நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

தெபோராள்:
தம்பி, எனக்கு இதில் உடன்பாடு இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு சபையில் இப்படித்தான் ஒரு பையன் ஆறு வருடம் எடுபிடி வேலை பார்த்தான். கர்த்தருடைய வேளை வரட்டும் என்று எல்லோரும் தோளைத் தட்டினார்கள், தட்டினவர்களில் ஒருவர்கூட நீ சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. கடைசியில் 30 வயதுக்கு மேல் வேலை தேடி வெளியூர் போனான், இப்போது ஆராதனைக்கே வருவதில்லை. யோசேப்பைப் பாருங்கள். 17 வயதில் விற்கப்பட்டவன் எகிப்து ராஜா பார்வோன் முன்னால் நின்றபோது வயது 30. ஆனால் அவன் சிறையில் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை, பானபாத்திரக்காரனிடம் பார்வோனுக்குச் சொல்லி என்னை விடுவி என்று நேரடியாகவே கேட்டான். உங்கள் பிள்ளை யாரிடமாவது கேட்டானா?

பனங்காட்டுத் தம்பி:
கேட்டான் அக்கா. அடுத்த தடவை பார்க்கலாம் என்றார்கள். யோசேப்பு கேட்டதும் உடனே நடக்கவில்லையே, பானபாத்திரக்காரன் மறந்தே போய்விட்டான், இன்னும் 2 வருடம் ஓடியது. நான் போன சனிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். மேல்மாடியில் வௌவால் எச்சம் காய்ந்து தரையோடு ஒட்டிக் கிடக்கிறது, இவன் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, முழங்கால் போட்டு, சிரட்டையால் சுரண்டிக்கொண்டிருக்கிறான், வாயில் சங்கீதம். மேல்மாடிக்கு யாரும் வருவதில்லையே என்றேன். "வராட்டா என்ன சித்தப்பா, இதுவும் கோயில்தானே" என்றான். அந்த முகத்தைப் பார்த்த பிறகு இதை நிறுத்து என்று எனக்குச் சொல்ல வரவில்லை.

கூடாரத்தொழிலாளி:
தம்பி சொன்ன தாவீதையே எடுத்துக்கொள்வோம். சவுல் ராஜாவின் அரண்மனையில் சுரமண்டலம் வாசித்துவிட்டு மறுபடியும் பெத்லகேமுக்கு வந்து ஆடு மேய்க்கிறான். அப்புறம் தகப்பன் போர்முனையில் இருக்கிற அண்ணன்மாருக்கு அப்பமும் அவர்கள் படைத்தலைவனுக்குப் பால்கட்டியும் கொடுத்து விடுகிறார். கோலியாத்தை வெல்லப் போகிற அந்த நாள் காலையில் அவன் முதலில் செய்தது என்ன தெரியுமா, ஆடுகளை ஒரு காவலாளி கையில் ஒப்படைத்தது. எனக்கு அந்த வரி ரொம்பப் பிடிக்கும்.

நம் ஊர்ப் பக்கமே பாருங்கள். கடலூர்க்காரர் ஆரோன், 1718-ல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு கையால் ஞானஸ்நானம் பெற்றவர். உபதேசியாராகக் கிராமம் கிராமமாக நடந்தார். தரங்கம்பாடியில் குருப்பட்டம் கிடைத்தது 1733 டிசம்பரில், 15 வருடம் கழித்து. இந்தியாவில் புராட்டஸ்டண்ட் சபையின் முதல் சுதேசிக் குரு அவர்தான்.

தெபோராள்:
அண்ணாச்சி, ஆரோனைச் சொன்னது நல்லது, ஆனால் அது என் பக்கத்துக்குத்தான் சாட்சி. அந்த 15 வருடமும் அவர் போதித்தார், ஜனங்களைச் சந்தித்தார், அது ஊழியமேதான், பட்டம்தான் பிந்தியது. இவனை அண்டா கழுவ மட்டும்தானே விடுகிறார்கள்? இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரி வில்லியம் கேரியும் அங்கே இருந்தபோது செருப்புத் தைத்தார், ஆனால் பட்டறைச் சுவரில் தாள்களை ஒட்டிச் சேர்த்து உலக வரைபடம் மாட்டியிருந்தார், தைத்த நேரம் போக லத்தீன், கிரேக்கு, எபிரெயு படித்தார், 1792-ல் மிஷன் சங்கம் ஆரம்பிக்கும்வரை விடாமல் வாதாடினார்.

இன்னொன்றும் சொல்கிறேன். எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்று மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள் என்று பவுல் எழுதின கொலோசெயர் நிருபம் 3-ஐ எல்லோரும் சொல்வார்கள். அது வேலைக்காரருக்கு எழுதினது. அடுத்த அதிகாரம் முதல் வசனமே எஜமான்களுக்கு, வேலைக்காரருக்கு நீதியானதைச் செய்யுங்கள் என்று. அதை வைத்து ஒரு பிரசங்கமும் நான் கேட்டதில்லை. பிள்ளையின் தாழ்மையை நான் குறை சொல்லவில்லை, அதை இலவசமாக வாங்கிக்கொள்கிற சபையைத்தான் கேட்கிறேன்.

கூடாரத்தொழிலாளி:
கேரி வங்காளத்துக்கு வந்த பிறகும் அவுரிச் சாயத் தொழிற்சாலையில் பல வருடம் மேலாளராக இருந்துதான் குடும்பத்தைக் காப்பாற்றினார் அக்கா, அதையும் சேர்த்துப் பாருங்கள். ஆனால் எஜமான் வசனத்தைச் சொன்னீர்களே, அதற்கு என்னிடம் பதில் இல்லை. பவுல்கூடக் கொரிந்துவில் கூடாரம் தைத்துத்தான் சாப்பிட்டார். உங்கள் பிள்ளைக்குக் கையில் ஒரு தொழில் இருக்கட்டும் தம்பி, கோயில் வேலையையும் விட வேண்டாம்.

பனங்காட்டுத் தம்பி:
டிப்ளமோ எலெக்ட்ரிக்கல் படித்திருக்கிறான், பக்கத்து டவுனில் ஒரு கடையில் கூப்பிடுகிறார்கள். ஞாயிறு லீவு கேட்டால் தருவார்களாம். காத்திருக்கிறவன் சம்பாதிக்கப் போனால் விசுவாசக் குறைவு ஆகிவிடுமோ என்று அவனுக்குப் பயம், அதை நானும் இத்தனை நாள் சரி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு ராத்திரி அவனிடம் கூடாரத்தொழிலைப் பற்றிப் பேசப் போகிறேன்.

தெபோராள்:
பேசுங்கள். அப்படியே சேகரக் கமிட்டியில் (சபை நிர்வாகக் குழு) அந்த முழங்கால் வலிக்காரத் தாத்தாவுக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்றும் கேளுங்கள் தம்பி. தொகையை இங்கே வந்து எழுதுங்கள்.