புதுப்பிப்பு: சவுத் ஷீல்ட்ஸ் கதையின் மிச்சம்

இங்கிலாந்துக் கால்பந்து கிளப்பான சவுத் ஷீல்ட்ஸ் பற்றிய போன இழையில், கதையை 2020 மார்ச்சோடு நிறுத்தியிருந்தேன். நார்தர்ன் பிரீமியர் லீக்கில் 12 புள்ளி முன்னிலையில் இருந்த சவுத் ஷீல்ட்ஸின் சீசனையே கொரோனாவைக் காட்டி எஃப்ஏ (இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம்) அழித்துவிட்டது, அதாவது முடிவுகளே செல்லாது என்றுவிட்டது என்று புலம்பியிருந்தேன்.

முதலில் ஒரு திருத்தம். "கீழ் லீக்குகள் எல்லாவற்றையும் அழித்தார்கள்" என்று எழுதியது தவறு. ஒரு படி மேலே, நேஷனல் லீக் நார்த்தில், ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்று வகுத்துப் பார்த்தார்கள். யார்க் சிட்டி 34 ஆட்டத்தில் 66 புள்ளி; கிங்ஸ் லின் டவுன் 32 ஆட்டத்தில் 64. கிங்ஸ் லின்னின் சராசரி சரியாக 2, யார்க்குக்கு அதைவிடக் குறைவு; அதனால் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்த கிங்ஸ் லின் முதலிடம் பிடித்து மேல் லீக்குக்குப் போய்விட்டது! அங்கே செல்லுபடியான கணக்கு ஒரு படி கீழே ஏன் செல்லாது? இன்னும் எனக்கு ஆறவில்லை. இன்னும் கீழ் லீக்கில் ஆடிய ஜெர்சி புல்ஸ் கிளப் பாவம், ஆடிய 27 லீக் ஆட்டத்திலும் வென்றிருந்தார்கள், அதுவும் போச்சு.

சவுத் ஷீல்ட்ஸ் நடுவர் தீர்ப்பாயம் வரை போய்த் தோற்றது. அடுத்த சீசனும் பாதியில் நின்றது. கடைசியில் 2022-23இல், சண்டர்லேண்ட் கிளப்பின் முன்னாள் ஸ்ட்ரைக்கர் கெவின் பிலிப்ஸ் பயிற்சியில், பட்டத்தையே வென்று நேஷனல் லீக் நார்த்துக்கு ஏறினார்கள். சீசன் முடிந்ததும் பிலிப்ஸ் கிளம்பிவிட்டார். அந்தக் கதை தனி.