தம்பிக்கு இப்போதே மடிக்கணினி வாங்க வேண்டுமா, வளாகக் கணினிக்கூடம் போதுமா?

கேள்வி: பட்டர்வொர்த் அக்கா

வணக்கம். என் தம்பி பினாங்கில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மிண்டன் வளாகத்தில் குவாண்டிட்டி சர்வேயிங் (கட்டுமானப் பணிகளின் அளவையும் செலவையும் கணக்கிடும் துறை) பட்டப்படிப்பில் சேரவிருக்கிறான். வீட்டில் என்னுடைய பழைய மடிக்கணினி ஒன்று இருக்கிறது: ஆறாம் தலைமுறை ஐ5 செயலி, 8 ஜிபி நினைவகம், விண்டோஸ் 10. ஜார்ஜ்டவுனில் கொம்தார் கட்டடத்துக் கடைகளில் விசாரித்தபோது, கட்டடத் துறை மாணவனுக்குத் தனி வரைகலை அட்டை பொருத்திய கேமிங் கணினிதான் சரிப்படும் என்றும், 4,500 ரிங்கிட்டுக்குக் குறைந்த எதுவும் இரண்டாம் ஆண்டைத் தாண்டாது என்றும் கடைக்காரர் ஒருவர் உறுதியாகச் சொன்னார். பிடிபிடிஎன் என்னும் அரசுக் கல்விக்கடன் கைக்கு வருவதற்கு முன்பே இவ்வளவு தொகையை நானோ அப்பாவோ புரட்டுவது கடினம். வளாகக் கணினிக்கூடத்தையும் நூலகத்தையும் நம்பி முதல் ஆண்டை ஓட்டிவிட முடியுமா? வேண்டிய மென்பொருள்களையெல்லாம் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டுமா?

பதில்: கோலாலம்பூர் மதிப்பீட்டாளர்

நான் இத்துறையில்தான் வேலை செய்கிறேன். கடைக்காரர் சொன்னது கட்டடக்கலை மாணவருக்கு ஓரளவு பொருந்தலாம், உங்கள் தம்பிக்கு அவ்வளவாகப் பொருந்தாது. எங்கள் தொழிலில் பெரும்பகுதி எக்செல் அட்டவணைகளிலும் வரைபடத்தைப் பார்த்து அளவெடுப்பதிலுமே கழிகிறது. தொடக்கத்தில் அதைத் தாளில் கையால் செய்து பழகுவதுதான் நல்லது. கட்டட வரைபடங்களுக்கான மென்பொருள்களான ஆட்டோகேட், ரெவிட் இரண்டையும் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனம், மாணவர் என்பதற்குச் சான்று காட்டினால் ஓராண்டு உரிமத்தை இலவசமாகத் தருகிறது. படிக்கும் காலம் முழுவதும் அதை ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ளலாம். மலேசிய அலுவலகங்களில் பரவலாகப் புழங்கும் கூபிகாஸ்ட் போன்ற அளவீட்டு மென்பொருள் தனியாள் வாங்கும் விலையில் இல்லை. அது பாடத்தில் வந்தால் கல்விக்கூடத்தின் உரிமத்தில்தான் பயன்படுத்த வேண்டியிருக்கும். ஆகவே பதிவு முடிந்து முதல் சில வாரங்கள் வகுப்புக்குப் போன பின்பு, எந்தப் பருவத்தில் எந்த மென்பொருள் வருகிறது என்று மூத்த மாணவர்களிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

உங்கள் பழைய கணினியில் நான் காணும் சிக்கல் வேகத்தைப் பற்றியதன்று. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 14 அக்டோபர் 2025உடன் நின்றுவிட்டன. தனிப் பயனருக்கான நீட்டிப்புத் திட்டமும் 2026 அக்டோபரைத் தாண்டாது. இன்டெல் செயலிகளில் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவற்றை, சிற்சில விலக்குகள் நீங்கலாக, விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. முதல் பருவத்துக்கு அதைக் கொடுத்தனுப்பலாம், நான்கு ஆண்டுகளுக்கு அதை நம்பியிருக்க வேண்டாம்.

பதில்: முன்னாள் கணினிக்கூட உதவியாளர்

நான் வேலை பார்த்தது வேறொரு கல்விக்கூடத்தில். ஆனாலும் இந்த நடைமுறைகள் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கணினிக்கூடம் இருக்கிறது என்பதற்காக அது எந்நேரமும் காலியாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். பகலில் பெரும்பாலும் அங்கே வகுப்பு நடக்கும், மாலையில் பூட்டிவிடுவார்கள், பணி ஒப்படைக்கும் வாரத்திலோ உட்கார இடம் கிடைப்பதே அரிது. கதவில் ஒட்டியிருக்கும் கால அட்டவணையைத் தம்பி முதல் நாளே படம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பல கூடங்களில் டீப் ஃபிரீஸ் போன்ற மென்பொருளை நிறுவியிருப்பார்கள். கணினியை அணைத்துப் போட்டதும் அது பழைய நிலைக்குத் திரும்பிவிடும், மேசைத்திரையில் சேமித்த கோப்பு எதுவும் மிஞ்சாது. கண்ணீரோடு என் மேசைக்கு வந்த மாணவர்கள் பலர், அவர்களுக்கு என்னால் எந்த உதவியும் செய்ய முடிந்ததில்லை. கோப்பை மேகச் சேமிப்பகத்தில் ஒரு படியும் பென்டிரைவில் ஒரு படியுமாக வைத்துக்கொண்டுதான் எழ வேண்டும். மாணவர் கணக்கோடு வரும் சேமிப்பகம் பட்டம் பெற்ற பிறகு பறிபோகக்கூடும் என்பதையும் நினைவில் வைக்கட்டும்.

வைஃபைக்கு, பல்கலைக்கழகங்கள் பகிர்ந்துகொள்ளும் எடுரோம் இணைப்பை வளாகத்தில் இருக்கும்போதே, உதவி மையம் திறந்திருக்கும் நேரத்தில் அமைத்துக்கொள்வது எளிது. பயனர் பெயரில் பல்கலைக்கழகத்தின் இணையப் பெயரையும் சேர்த்து முழு மின்னஞ்சல் வடிவில் எழுத வேண்டும்; அதை விட்டுவிட்டு, கடவுச்சொல் தவறு என்று புலம்புபவர்களே அதிகம். ஒருமுறை அமைத்துவிட்டால், எடுரோமில் இணைந்துள்ள பிற பல்கலைக்கழகங்களுக்குப் போகும்போதும் அதே கணக்கு வேலை செய்யும். வளாகத்துக்கு வெளியே உட்கார்ந்து படிக்க விரும்பினால், கிரீன் லேன் பகுதியில் மாநில அரசு 2016இல் திறந்த பினாங்கு மின்னிலக்க நூலகம் இருக்கிறது. நேரத்தை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளட்டும்.

பதில்: கணக்குப் பிள்ளை

ஒரு சிறு குறிப்பு. கணினியை யார் பெயரில் வாங்குவது என்பதையும் யோசியுங்கள். வருமான வரியில் வாழ்க்கைமுறைச் செலவுக்கான 2,500 ரிங்கிட் கழிவில் கணினியும் அடங்கும்; ஆனால் அது தனக்கோ துணைவருக்கோ பிள்ளைக்கோ வாங்கினால்தான் செல்லும், உடன்பிறப்புக்கு வாங்கினால் செல்லாது. அப்பா வரி கட்டுபவராக இருந்தால் ரசீது அவர் பெயரில் இருக்கட்டும். ரசீதை ஏழு ஆண்டுகள் பத்திரப்படுத்த வேண்டும்.

பட்டர்வொர்த் அக்கா

அனைவருக்கும் நன்றி. அப்பா வரி கட்டுகிறார், அவர் பெயரிலேயே வாங்குவோம். இப்போதைக்குப் பழையதைக் கொடுத்தனுப்பிவிட்டு முதல் பருவ விடுமுறையில் வாங்கலாம் என்று வீட்டில் பேசியிருக்கிறோம். அப்போது எதைப் பார்த்து வாங்குவது? ஆப்பிள் கணினி வேண்டும் என்று அவன் அடம் பிடிக்கிறான்.

கோலாலம்பூர் மதிப்பீட்டாளர்

ஆப்பிள் வேண்டாம், அக்கா. ரெவிட்டுக்கு மேக் பதிப்பே கிடையாது, கூபிகாஸ்ட்டும் விண்டோஸில் இயங்குவதே. 16 ஜிபி நினைவகம், 512 ஜிபி எஸ்எஸ்டி, பின்னால் நினைவகத்தைக் கூட்ட இடமுள்ள அமைப்பு என மூன்றும் இருந்தால் போதும். நிறுவனங்கள் பயன்படுத்திவிட்டு விற்ற நல்ல மடிக்கணினிகள் அந்த 4,500 ரிங்கிட்டில் பாதிக்கும் குறைவாகக் கிடைக்கும். செயலி எந்தத் தலைமுறை என்பதையும் மின்கலம் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பதையும் கடையிலேயே போட்டுப் பார்த்துவிட்டு, உத்தரவாதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.