றௌட்டிங் டேபிளில் பாதை இருக்கு, பிங் மட்டும் போகுதில்லை

வெள்ளவத்தைக்காரன்:

இறுதியாண்டு புரொஜெக்ட். ஐந்து ராஸ்பெரி பை சிறுகணினி, ஒவ்வொன்றுக்கும் ஒரு யூஎஸ்பி வைஃபை டொங்கிள், ஒரு பவர் பேங்க். டவர், றௌட்டர் எதுவுமில்லாமல் ஒன்றின் வழியாக மற்றது பேச வேண்டும். ஆர்எஃப்சி 3561 என்ற இணைய விதிமுறை ஆவணத்தைப் பார்த்து, இப்படி வலையில் பாதை தேடும் ஏஓடிவி முறையை பைத்தனில் நானே எழுதினேன். லேப் மேசையில் ஒரு குறையுமில்லை.

போன ஞாயிறு மரைன் டிரைவில் சோதித்தோம். நண்பர்கள் ஆளுக்கொன்றைத் தோள்பையில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். நான் லப்டொப்புடன் மதிலில். (கச்சான்காரர் வந்து, "தம்பி என்ன விக்கிறீங்கள்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.) முதலாவதிலிருந்து நாலாவதுக்கு இரண்டே தாவலில் (ஒரு கருவியிலிருந்து அடுத்ததுக்குப் போவது ஒரு தாவல்) பாதை காட்டுகிறது. 'நான் இருக்கிறேன்' என்று ஒவ்வொரு கருவியும் அனுப்பும் ஹலோ நொடிக்கு ஒன்று தவறாமல் வருகிறது. பதில் வருகிறதா என்று பிங் அடித்தால் நூற்றுக்கு அறுபது தொலைகிறது! பாதை அறுந்தது என்றாவது சொன்னால் வேறு தேடும், அதுவும் இல்லை. நடுவில் மூன்றாவது ஆள் சும்மா நிற்கிறான், அவனைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

சேர் "புரோகிராமில்தான் பிழை" என்கிறார். இரண்டு இரவு தேடியாகிவிட்டது. எங்கே பார்ப்பது?

பழைய அன்டெனா:

தம்பி, புரோகிராமை விடும். ஹலோதான் பொய் சொல்கிறது.

ஹலோ எல்லாருக்குமாகக் கத்துவது. 2.4 கிகாஹேர்ட்ஸில் அப்படிக் கத்துவது அனேகமாக 1 மெகாபிட் வேகத்தில் போகும். மெதுவாய்ப் போவது தூரம் போகும். டேட்டா அதைவிட வேகமாகப் போகப் பார்க்கும், அவ்வளவு தூரம் எட்டாது. முடியாவிட்டால் வேகம் இறங்கும்தான், ஆனால் ஆள் நடந்துகொண்டிருந்தால் இறங்கி முடிவதற்குள் நிலைமை மாறிவிடும். ஹலோவுக்கு ஏசிகேயும் ('கிடைத்தது' என்ற பதில்) கிடையாது, அவன் கத்துவது உமக்குக் கேட்டால் காணும், நீர் கத்துவது அவனுக்குக் கேட்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. உப்சாலா பல்கலைக்கழகத்தார் 2002இலேயே இதைப் பிடித்து 'சாம்பல் வலயம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அதோடு ஏஓடிவி தாவலைத்தான் எண்ணும். தாவல் குறைந்தால் ஒவ்வொரு தாவலும் நீளம், அதாவது நலிந்த இணைப்பு. மாறாமல் போகலாம் என்று 100ஆம் இலக்க பஸ்ஸின் ஃபுட்போர்டில் தொங்குவது மாதிரி.

ஈடிஎக்ஸ் போட்டுப் பாரும், ஒரு பொதி (பாக்கெட்) போய்ச்சேர எத்தனை முறை அனுப்ப வேண்டிவரும் என்ற கணக்கு, குறைந்தால் நல்லது. போகும் விகிதத்தையும் வரும் விகிதத்தையும் பெருக்கி, ஒன்றை அதால் வகுக்க வேண்டும். நீளமான தாவலில் 0.6, 0.5 என்றால் 3.3. நல்ல தாவல் இரண்டு, எல்லாம் 0.9 என்றால் மொத்தம் 2.5. மூன்றாவது ஆளுக்கு வேலை கிடைக்கும்.

நித்திரைப்பிரியன்:

இதே வேலையைச் செய்யும் பேட்மேன்-அட்வ் ரெடிமேடாக இருக்கு, அதைப் போட்டுவிட்டுப் படு மச்சான். 2011இலிருந்து லினக்ஸ் கேர்னலிலேயே இருக்கு.

வெள்ளவத்தைக்காரன்:

சொந்தமாக எழுதினால்தான் மார்க்ஸ், மச்சான்.

தெமட்டகொடை அக்கா:

அண்ணா சொன்னது சரி, ஆனால் ஈடிஎக்ஸ் எம்ஐடியில் கட்டடத்துக்குள் அசையாமல் இருந்த கருவிகளில் அளந்து பார்த்தது. நொடிக்கு ஒரு சோதனைப் பொதி, பத்து நொடி சராசரி. நடக்கிறவர் அதற்குள் பதின்மூன்று மீற்றர் போவார், பரவாயில்லை. சைக்கிளில் போனால் சராசரியைச் சுருக்குங்கள். இன்னொன்று, அந்தச் சோதனைப் பொதியும் 1 மெகாபிட்டில் போனால் பழைய பொய்யேதான். ஐபிஎஸ்எஸ்ஸில் (றௌட்டர் இல்லாத வைஃபை வலை) சேரும்போது, லினக்ஸில் வைஃபையை அமைக்கும் ஐடபிள்யூ கட்டளையில் எம்காஸ்ட்-ரேட்டை, அதாவது எல்லாருக்குமாகக் கத்தும் வேகத்தை, 11 மெகாபிட்டுக்கு ஏற்றுங்கள். டொங்கிளின் டிரைவர் மென்பொருள் விட்டால் சரி.

வெள்ளவத்தைக்காரன்:

முதலில் அக்கா சொன்ன ஒரு வரியை மட்டும் மாற்றினேன். பாதை உடனே மூன்று தாவல் ஆனது, இழப்பு நூற்றுக்கு எட்டு! ஈடிஎக்ஸ் இனித்தான்.

அப்புறம் புதுக் கரைச்சல். ஐந்தாவது கருவி தண்டவாளத்துக்கு அந்தப்பக்கம், கடற்கரைக் கல்லில். ரயில் வந்தால் இரண்டு ஹலோ தவறுகிறது, பாதை செத்தது என்று ஏஓடிவி முடிவு கட்டுகிறது, பொதி எல்லாம் போச்சு. தவறும் அளவை ஆறாக்கவா?

பழைய அன்டெனா:

வேண்டாம், உண்மையிலேயே ஆள் போய்விட்டாலும் ஆறு நொடி தெரியாமல் இருப்பீர். அதே ஆர்எஃப்சியில் 6.12ஆம் பகுதியைப் படியும், லோக்கல் ரிப்பேர். நடுவில் உள்ளவன் பொதியை எறியாமல் வைத்துக்கொண்டு தானே பாதை தேடுவான். ரயில் கடந்துபோகும் வரை விடாமல் தேடச் சொல்லும்.